பெயர் எழுதாத டேப்

தோ கி-போம் அண்ணனின் கப்பல் கரைக்கு வரும் தேதி தெரிந்துவிட்டால் எங்கள் சந்தில் பேஸ்பால் பேச்சு நின்றுபோகும். முடிதிருத்தும் கடைக்காரர் கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருக்கும் அணியின் படத்தைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்பார். மீன் விற்கும் மாங் அம்மாள், மீனைச் சுற்றிக் கொடுக்கிற பழைய செய்தித்தாள்களில் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் பொறுக்கி அடுப்பில் போடுவாள். குடித்துவிட்டு அணியைத் திட்டிக்கொண்டு சந்தின் படிகளில் ஏறி வருகிறவர்களை யாராவது பாதியிலேயே மடக்கி, வேறு யாரையாவது திட்டச் சொல்லி அனுப்புவார்கள்.

அண்ணன் வடகடலுக்குப் போகும் மீன்பிடிக் கப்பலில் வலை மேஸ்திரி. ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்னால் கிளம்பிவிடுவார். எல்லாம் முடிந்து, நாங்கள் குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாயைப் போட்டு முடிக்கிற சமயத்தில் திரும்புவார். எங்கள் ஊர் அணி என்றால் அவருக்கு உயிர். ஆனால் கல்யாணமானதிலிருந்து ஒரு சீசனைக்கூட அது நடக்கும்போது பார்த்ததில்லை. கப்பலில் மற்றவர்கள் வானொலியைச் சுற்றி உட்கார்ந்தால் இவர் எழுந்து மேல்தளத்துக்குப் போய்விடுவாராம், பனி கொட்டினாலும். வீட்டுக்கு வந்து முதல் ஆட்டத்திலிருந்து வரிசையாக, முடிவு தெரியாமல் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் அவர் கேட்பது.

அதற்காக அவர் மனைவி ஹா இன்-வோல் அக்கா எல்லாவற்றையும் பதிவு செய்து வைப்பார். தொலைக்காட்சியில் வருவது வீடியோ டேப்பில், வராதது வானொலியிலிருந்து கேசட்டில்.

நான் அந்த வீட்டின் வாசல் அறையில் வாடகைக்கு இருந்தேன். பகலில் காலணித் தொழிற்சாலையில் அடித்தோலுக்குப் பசை தடவும் வேலை, சாயங்காலம் இரவுப் பள்ளி. மொழிப் பாட வாத்தியார் எல்லோரையும் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார். அதை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எதை விடவேண்டும், எதைச் சேர்க்கவேண்டும் என்று எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அதனால் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

அக்கா எழுத்தாளர். எங்கள் ஊரான பூசானின் மாலைத்தாள் ஒன்றில் வாரம் ஒரு பத்தி எழுதுவார்: ஒரு வாரம் புத்தகம், ஒரு வாரம் சினிமா, ஒரு வாரம் பேஸ்பால். காலையில் சிப்பி சூப் விற்பவளின் குரல் கேட்டதும் எழுந்து, ஒரு கிண்ணம் வாங்கி, பழைய சோற்றை அதில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, தரையில் சின்ன மேஜையைப் போட்டு உட்காருவார். மதியம் பாலத்தைத் தாண்டிப் போகும் பேருந்தில் ஏறி நம்போ தெருவுக்குப் போய், கூட்டமில்லாத மலிவுக் காட்சியில் படம் பார்ப்பார். வரும் வழியில் பழைய புத்தகச் சந்து. சாயங்காலம் ஆட்டம் இருந்தால் மைதானம். எங்கள் மைதானத்தில் செய்தித்தாளைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, குஞ்சம்போல் கட்டி ஆட்டுவார்கள். ஒருநாள் முன்வரிசையில் ஒருவர் ஆட்டிய குஞ்சத்தில் அக்காவின் பெயரும் பாதிப் படமும் இருந்ததாம்.

"என் எழுத்துக்கு அவ்ளோ பேர் எழுந்து நின்னு கத்தினது அன்னிக்குத்தான் சுன்-ரே" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த வருடம் அக்காவுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அண்ணனின் கம்பெனி துறைமுகத்தில் ஒரு வலைக் கொட்டகை கட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அண்ணனுக்கு விருப்பமா என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள். கப்பல் மறுபடி கிளம்புவதற்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் அவர் இனிமேல் கடலுக்குப் போக வேண்டாம். வசந்தத்தில் முதல் ஆட்டத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து மைதானத்துக்குப் போகலாம்.

"ஒரே ஒரு சீசன் என் பக்கத்துல உக்காந்து பாத்துட்டாருன்னா போதும். அப்புறம் அவரே போகமாட்டாரு" என்றார் அக்கா. இதை அவர் என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அண்ணன் வருவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போதுதான் அந்தத் தப்பு தெரிந்தது.

அந்த வருடம் எங்கள் அணி, சீசன் முடிந்தபின் முன்னணி அணிகள் மட்டும் மோதும் இலையுதிர்கால ஆட்டம் வரை போய்விட்டது. அந்த ஒரே ஆட்டம் எங்கள் ஊரிலேயே நடந்தது. அந்த ஆட்டத்தின் டேப்பில் அக்கா எதுவும் எழுதவில்லை. 'அக்டோபர்' என்று எழுதினால்கூட, அணி அவ்வளவு தூரம் போயிற்று என்பது அண்ணனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். டேப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்தே அவர் கணக்குப் போட்டுவிடுவார் என்று அடுக்கின் கடைசியில் சில வெற்று டேப்புகளையும் ஒவ்வொரு வருடமும் சேர்த்து வைப்பார். இந்த வருடமும் அப்படித்தான் வைத்தார். பிறகு ஒரு சனிக்கிழமை, பத்திக்காகத் தொலைக்காட்சியில் வந்த ஒரு வெளிநாட்டுப் படத்தைப் பதிவு செய்ய, அந்த வெற்று டேப்புகளில் ஒன்றை எடுத்தார்.

அது வெற்று டேப் இல்லை.

நான் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அக்கா தொலைக்காட்சியின் முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் ரயில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்ல படமாக்கா?" என்று கேட்டேன்.

"இதுக்கு அடியில நம்ம ஆட்டம் இருக்கு."

எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் டேப்பை வெளியே எடுத்தேன்.

இருவரும் சந்துமுனை வீடியோ கடைக்கு ஓடினோம். கடைக்காரர் பியன் டேப்பை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழிஞ்சது அழிஞ்சதுதாங்க. சட்டைன்னா வெளுத்துப் பாக்கலாம்."

"உங்ககிட்ட இருக்கா அந்த ஆட்டம்? யாராவது பதிவு பண்ணியிருப்பாங்களா?"

"யாரு பண்ணுவா? எல்லாரும் நேர்லயே பாத்துட்டோமே. அதுவும் அந்த ஆட்டத்த..." என்று ஆரம்பித்தவர், பழக்க தோஷத்தில் வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணன் வந்துட்டாரா?"

"இன்னும் இல்ல."

"அப்ப நான் சொல்றேன். அந்த ஆட்டத்த ரெண்டாந்தரம் பாக்கணும்னு எவனும் நினைச்சிருக்கமாட்டான்."

ஏனென்றால் நாங்கள் தோற்றுப்போனோம். ஒரே ஒரு ஓட்டத்தில். ஒன்பதாவது இன்னிங்ஸ்தான் கடைசி, இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் போனால் முடிந்தது, மூன்றாவது தளத்தில் எங்கள் ஆள் ஒருவர் நிற்கிறார். அவர் ஓடிவந்து வீட்டுத் தளத்தை மிதித்தால் ஆட்டம் சமம். மட்டை பிடித்தவர் குட்டை யாங். வந்த நாலாவது பந்தை அவர் தூக்கி அடித்தார். மைதானமே எழுந்து நின்றது. வேலிக்கு ஒரு முழம் இந்தப் பக்கம், எதிரணிக்காரர் குதித்துப் பிடித்துவிட்டார். அன்று எங்கள் சந்தில் யார் வீட்டிலும் சமையல் நடக்கவில்லை.

தொலைக்காட்சி நிலையத்துக்கும் அக்கா போனார். பிரதி கொடுக்கும் வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

"அந்த ஆட்டத்த நீங்களே எழுதிச் சொல்லிடுங்கக்கா. எழுத்தாளர்தானே?" என்றேன்.

சொன்னதும், அதிகப்பிரசங்கித்தனமாகப் பேசிவிட்டோமோ என்று பயந்தேன். அக்கா டேப்பை உறைக்குள் போட்டு மூடினார்.

"நான் அன்னிக்கு மைதானத்துல இருந்தேன். ஆனா பாதி ஆட்டத்த பாக்கல. கைய மூஞ்சில வெச்சுக்கிட்டேன். யாரு பாத்தா?"

கிம்ச்சி போடுகிற நாள் வந்தது. எங்கள் சந்தில் அதைத் தனித்தனியாகப் போடுவதில்லை. தண்ணீர்க் குழாய் அருகே பெரிய ரப்பர் தொட்டிகளை வைத்து, ஒவ்வொரு வீட்டுக் கோஸையும் வரிசையாக முடிப்போம். முந்தின நாள் உப்பில் ஊறிய கோஸ்கள் குளிர்ந்து துவண்டு கிடந்தன. கடலிலிருந்து ஏறி வந்த காற்று காதை அறுத்தது. கையுறைக்குள்ளும் விரல்கள் மரத்துவிட்டன. மாங் அம்மாள் மிளகாய்த்தூளில் நெத்திலிச் சாற்றை ஊற்றிக் கிளறினாள். அந்த வாசனைக்கே எனக்குப் பசி எடுத்தது.

அக்கா ஒரு முக்காலியில் உட்கார்ந்து முள்ளங்கி சீவிக்கொண்டே கேட்டார்.

"நாலாவது இன்னிங்ஸ்ல நம்ம ஆளு ஓடிப்போய் விழுந்தாரே, தளத்துக்கு முன்னாடியா, தாண்டியா?"

"முன்னாடி!" என்றாள் மாங் அம்மாள்.

"எங்க முன்னாடி? தாண்டித்தான் விழுந்தான். மூக்குல மண்ணு ஒட்டியிருந்துச்சு" என்றாள் முடிதிருத்துபவரின் மனைவி.

"நீ மைதானத்துக்குப் போனியா? உன் வீட்டு டிவியில எல்லாரு மூக்குலயும் மண்ணுதான் தெரியும்."

"என் வீட்டு டிவியப் பத்தி நீ பேசாத. உன் வீட்டுல டிவிய தட்டினாத்தான் படமே வரும்."

"தட்டினா வருதுல்ல? உன் புருஷன் தட்டினாக்கூட வரமாட்டான்."

தொட்டியைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். மாங் அம்மாள் மசாலா தடவிய கோஸ் இலை ஒன்றைச் சுருட்டி, சண்டை போட்டவளின் வாயிலேயே திணித்தாள்.

சாயங்காலம் வரை ஆட்டம் நடந்தது. யார் பந்து எறிந்தது, எப்போது மாற்றினார்கள், ஆறாவது இன்னிங்ஸில் மழை தூறியதா இல்லையா. தூறவில்லை என்றவர்கள் வீட்டில் இருந்தவர்கள். தூறியது என்றவர்களிலும் பாதிப்பேர் வீட்டில் இருந்தவர்கள்தான். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கோஸை மடித்து ஜாடியில் அழுத்தும்போது, "அப்ப ஒன்பதாவது?" என்றார்.

எல்லோரும் கோஸின்மேல் குனிந்துகொண்டார்கள். முடிதிருத்துபவரின் மனைவிதான் கடைசியில் சொன்னாள்: "அத எதுக்குக் கேக்கற? அது எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் ஞாபகம் இருக்கு."

அண்ணன் டிசம்பர் நடுவில் வந்தார். படியில் மூட்டையை இறக்கிவைத்து, வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "பள்ளிக்கூடம் போறியா?" என்றார். போகிறேன் என்றேன். "சரி" என்றார். அன்று அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். உயரமில்லை, ஆனால் அறைக்குள் வந்தால் அறை சின்னதாகிவிடும். வலை இழுத்து இழுத்து விரல்கள் முழுசாக மடங்குவதில்லை. சாப்பிடும்போது கரண்டியைக் குழந்தை பிடிப்பதுபோல் பிடிப்பார்.

மறுநாள் காலையிலிருந்து, அடுப்பின் சூடு அடியில் ஓடும் தரையில் படுத்துக்கொண்டு முதல் ஆட்டத்தைப் போட்டார். வாரக்கணக்கில் பார்த்தார். அவர் கத்துகிற சத்தம் சந்து முழுக்கக் கேட்கும். வசந்தத்தில் நாங்கள் கத்தின அதே இடங்களில் அவர் குளிர்காலத்தில் கத்துவார். கிணற்றில் கல் போட்டுவிட்டு வெகுநேரம் கழித்துச் சத்தம் கேட்பதுபோல் இருக்கும். மாங் அம்மாள் கடையில் உட்கார்ந்தபடி, "மே மாசம் வந்துட்டாரு" என்பாள், அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்து.

ஜனவரியில் பள்ளி விடுமுறை. சாயங்காலங்களில் நானும் அவர்களோடு சாப்பிட்டேன். அன்று வாளைமீன் வறுவலும் மீன்மாவு வில்லை போட்ட சூப்பும். அண்ணன் செப்டம்பர் டேப்பை முடித்திருந்தார்.

"அடுத்தது இருக்கா, இல்ல இதோட அவ்ளோதானா?" என்று கேட்டார். கேட்கும்போதே அவர் முகத்தில் ஒரு பையனின் பயம்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "இருக்கு. ஆனா இல்ல."

நடந்ததை அப்படியே சொன்னார். லேபிள் ஒட்டாதது, வெளிநாட்டுப் படம், பியன் கடை, எல்லாம். முடிவை மட்டும் சொல்லவில்லை. அண்ணன் சூப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன். எழுந்தால் சத்தம் கேட்குமே என்று உட்கார்ந்துவிட்டேன்.

"படம் எப்படி?" என்றார் அண்ணன்.

"என்ன?"

"மேல எடுத்தியே, அந்தப் படம்."

"சுமாருதாங்க."

"சுமாரான படத்துக்கா?" என்றார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "நல்ல படமாவாவது எடுத்திருக்கக் கூடாதா?"

"நான் எழுதறேன். எல்லாரையும் கேட்டு வெச்சிருக்கேன். ஒரு சாயங்காலத்துக்கு ஒரு இன்னிங்ஸ். வாசிச்சுக் காட்டறேன். கேப்பீங்களா?"

"நீ எழுதினத நான் எப்ப வாசிச்சிருக்கேன்?"

"அதான் கேக்கறேன்."

அண்ணன் சோற்றில் சூப்பை ஊற்றிப் பிசைந்தார். "சரி. வாசி."

அப்படித்தான் தொடங்கியது. அக்கா பகலெல்லாம் எழுதினார். சினிமாவுக்குப் போகவில்லை, பழைய புத்தகச் சந்துக்கும் போகவில்லை. சாயங்காலம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு வாசிப்பார். நான் பல கதை கட்டுரைகளைப் பள்ளியில் படித்திருக்கிறேன். இது அவை எதைப்போலவும் இல்லை. நாலாவது இன்னிங்ஸில் எங்கள் ஆள் தளத்துக்கு முன்னாலும் விழுந்தார், தாண்டியும் விழுந்தார். யார் எங்கே உட்கார்ந்து பார்த்தார்களோ அப்படி. ஆறாவதில் சிலருக்கு மட்டும் மழை பெய்தது. வறுத்த கணவாய் மீன் விற்றவன் யாருக்குச் சில்லறை கொடுக்க மறந்தான் என்பதும் இருந்தது. பந்தை எறிவதற்கு முன் எறிபவர் தொப்பியைத் தொட்டபோது, அண்ணன் தன் நெற்றியைத் தொட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

"டேப்ல இதெல்லாம் வராது" என்றார் அவர், ஐந்தாவது முடிந்தபோது.

அக்காவின் காது சிவந்துவிட்டது.

ஆனால் போகப்போக வாசிப்பு மெதுவாயிற்று. ஏழாவதற்கு மூன்று நாள் ஆயிற்று. எட்டாவதற்கு ஒரு வாரம். "இன்னும் சரியா வரல" என்பார் அக்கா. எனக்குக் காரணம் தெரியும் என்று நினைத்தேன். கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடியாதவரை அண்ணன் எழுந்து போகமாட்டார் என்று அக்கா கணக்குப் போட்டிருக்கலாம். நான் இப்படி நினைத்தது சரியா என்று இன்றைக்கும் சந்தேகம்தான். ஆனால் அண்ணனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. வெளியே ஈரப்பனி பெய்து தரையில் தங்காமல் கரைந்துகொண்டிருந்தது. நான் தரையைச் சூடாக்கும் அடுப்பில் துளைபோட்ட கரிவில்லையை மாற்ற அடுப்படியில் குனிந்திருந்தேன். நடுவில் இருந்தது காகிதம் ஒட்டிய கதவுதான்.

"கொட்டகைக்குப் போய்ப் பாத்தேன்" என்றது அண்ணனின் குரல்.

"எப்படி இருக்கு?"

"கூரை நல்லா இருக்கு. ஹீட்டர் வெச்சிருக்கான்."

"அப்புறம் என்னங்க?"

"அங்க என்ன வேல? கிழிஞ்ச வலைய தைக்கணும். எவனோ கிழிச்சிட்டு வந்தத."

"கப்பல்லயும் அதானே செய்றீங்க?"

"அங்க நான் கிழிச்சத நான் தைக்கிறேன்."

கரிவில்லையின் துளைகளைக் கீழ்வில்லையோடு பொருத்திவிட்டு, நான் இடுக்கியோடு அங்கேயே நின்றேன்.

"இன்-வோல், நான் சொல்றத தப்பா எடுத்துக்காத" என்றார் அண்ணன். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "கப்பல்ல ஆட்டம் நடக்கற நேரத்துக்கு மேல்தளத்துல போய் நிப்பேன். ஒண்ணும் தெரியாது, இருட்டும் தண்ணியும்தான். ஆனா இப்ப நீ வானொலிய வெச்சுக்கிட்டு, கேசட்ட அமுக்கிட்டு உக்காந்திருப்பன்னு தெரியும். அந்த நேரத்துல உன்ன நினைக்கிற மாதிரி, இங்க இருந்தா என்னால நினைக்க முடியாது. பக்கத்துல இருக்கறவள யாரு நினைப்பா?"

"நினைக்க வேண்டாம்" என்றார் அக்கா. "இருந்தாப் போதும்."

அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த இடுக்கியை வாங்கி, எரிந்து சாம்பலான வில்லையைத் தானே எடுத்துக்கொண்டுபோய், வழுக்காமலிருக்கப் படிகளில் உடைத்துப் பரப்பினார். வேண்டியதற்கு மேலேயே, சந்துமுனை வரைக்கும் பரப்பினார்.

இரண்டு நாள் கழித்து அவர் கம்பெனிக்குப் போய் வந்தார். கப்பலுக்குத்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அக்கா கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. பன்றிக்கறி வாங்கிவந்து, வெள்ளையாகச் சூப் வைத்து, சோறு போட்டு, வெங்காயத்தாளை அள்ளித் தூவி அவர் முன்னால் வைத்தார். சாப்பிட்டு முடிந்ததும் மேஜையைத் துடைத்தார். தாள்களை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தார்.

"ஒன்பதாவது வாசிக்கறேன்."

அண்ணன் தன் மடங்காத கையை அந்தத் தாள்களின்மேல் வைத்தார்.

"வேண்டாம். இத நான் போய்ட்டு வந்து கேக்கறேன்."

"முடிச்சிட்டுப் போங்க."

"முடிச்சிட்டா கப்பல்ல எனக்கு என்ன இருக்கு?"

அக்காவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று நாட்குறிப்பில் மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்திருக்கிறேன். அவரைப் பிடித்து வைக்க அக்கா நீட்டிக்கொண்டுபோன அதையே வழிச்சோறுபோல் கட்டிக்கொண்டு அவர் கிளம்புகிறார். அது அக்காவுக்குப் புரிந்துவிட்டது என்பதுதான் அந்த முகம். இதைவிட நன்றாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

அவர் கிளம்பின அன்று வெயில் அடித்தது, காற்று மட்டும் இருந்தது. சந்துக்காரர்கள் எல்லோரும் பேருந்து நிறுத்தம் வரை வந்தார்கள். மாங் அம்மாள் காய்ந்த மீனைக் கட்டிக் கொடுத்தாள். பேருந்து வருவது தெரிந்தபோது அக்கா சொன்னார்:

"சீக்கிரம் வாங்க. எனக்கு வயசாகுது. எப்படி முடிஞ்சதுன்னு மறந்துடுவேன்."

"மறந்தா பரவால்ல. வேற மாதிரி முடி. எழுத்தாளர்தானே?" என்றார் அண்ணன்.

"சுமாரான எழுத்தாளர்."

"சுமாரான படத்தவிட மேல."

பேருந்து அவரை ஏற்றிக்கொண்டு பாலத்தின் பக்கம் திரும்பியது. அக்கா கையை ஆட்டவில்லை. இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

பள்ளி திறந்தது. ஆட்டங்களும் தொடங்கின. அக்கா மறுபடியும் மலிவுக் காட்சிக்குப் போனார், பத்தி எழுதினார், வீடியோவில் டேப்பைப் போட்டு வைத்துவிட்டு மைதானத்துக்குப் போனார். ஏப்ரலில் ஒரு விடுமுறை நாள் காலையில், "சுன்-ரே, கொஞ்சம் கேளேன்" என்று கூப்பிட்டார். மேஜையில் ஒன்பதாவது இன்னிங்ஸ் இருந்தது. அன்று எடுத்து வந்ததைவிட மிகவும் தடிமனாகியிருந்தது.

வாசித்தார். முதல் ஆள் அவுட். இரண்டாவது ஆள் அவுட். மூன்றாவது தளத்தில் எங்கள் ஆள் நிற்கிறார். யாங் மட்டையோடு வருகிறார். முதல் பந்து, இரண்டாவது, மூன்றாவது. நாலாவது பந்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். யாங் அதைத் தட்டினார். பந்து கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. அடுத்ததையும் தட்டினார். வெளியே. அதற்கு அடுத்ததும் வெளியே. பக்கம் பக்கமாகப் போயிற்று.

"அக்கா, இது நடந்த மாதிரி இல்லையே" என்றேன்.

"எங்க இல்ல? ரெண்டு பேர் அவுட். ஆளு மூணாவது தளத்துல நிக்கறான். யாங் மட்டையோட நிக்கறாரு. எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"ஆனா அவர் நாலாவது பந்துலயே..."

"கோட்டுக்கு வெளிய போற பந்துக்குக் கடைசி அவுட் கிடையாது சுன்-ரே. எதிரணிக்காரன் பிடிக்காம ஜனங்களுக்குள்ள விழுந்தா, எத்தன தடவ போனாலும் கிடையாது. இந்த ஆட்டத்துல நேரம் முடிஞ்சதுன்னு மணி அடிக்க ஆளே இல்ல. ஒரு நாளைக்கு ஒரு பந்துதான் எழுதறேன்."

"அண்ணன் வர்ற வரைக்குமா?"

அக்கா பேனாவின் மூடியைத் திறந்தார். "இன்னிக்குப் பந்து எங்க விழட்டும், சொல்லு."

நான் எதையும் உடனே சொல்லிப் பழக்கமில்லாதவள். யோசித்தேன். "மூணாவது தளத்துப் பக்கம். ஜனங்களுக்குள்ள."

"யாராவது எடுத்தாங்களா?"

"ஒருத்தர் கையில வந்து விழுந்துச்சு. வெறுங்கை. வலிச்சிருக்கும்."

அக்கா எழுத ஆரம்பித்தார். நான் எட்டிப் பார்த்தேன். அந்த மனிதர் பந்தைப் பிடித்த கையை உதறிக்கொண்டு சிரிக்கிறார். அவருடைய விரல்கள் முழுசாக மடங்கவில்லை. இந்த வருடம் ஒரு ஆட்டத்தைக்கூட விடாமல் அதே இருக்கையில் வந்து உட்காருகிறவர் அவர். பக்கத்தில் இருக்கிற மனைவி அவர் கையை இழுத்துப் பார்த்து, சிவந்த இடத்தில் ஊதிவிடுகிறாள். கீழே, எறிபவர் தொப்பியைத் தொட்டுச் சரிசெய்துகொண்டு அடுத்த பந்துக்கு நிமிர்கிறார்.